தாங்கும் என்று சொல்லாதீர்கள்

"அந்தக் காலத்து வண்டி சார், எதைப் போட்டாலும் தாங்கும்." அம்பாசடர், பிரீமியர் பத்மினி, ஆரம்ப கால மாருதி 800 என்று பழைய கார் வைத்திருப்பவர்கள் நாலு பேர் கூடினால் இந்தப் பேச்சு வராமல் இருக்காது. பானெட்டைத் தட்டிக் காட்டிச் சொல்வார்கள். தகட்டைப் பற்றியோ, அச்சைப் பற்றியோ, பட்டை ஸ்பிரிங்கைப் பற்றியோ என்றால் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் இதைச் சொல்லிக்கொண்டே டேஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டு, அகப்பட்ட ஃபியூஸிலிருந்து ஸ்டீரியோவுக்கு ஒரு ஒயர், மொபைல் சார்ஜருக்கு ஒரு ஒயர், ஃபாக் லைட்டுக்கு ஒரு ஒயர் என்று இழுக்கிறார்கள். அங்கேதான் நான் மறுக்கிறேன். பழைய காரின் ஒயரிங் தாங்காது. தாங்க வேண்டும் என்று அதை யாரும் செய்யவும் இல்லை.

கம்ப்யூட்டர் இல்லை, சென்சார் இல்லை, கெட்டுப்போக என்ன இருக்கிறது என்பது அவர்களுடைய முதல் வாதம். படித்தவர்கள்கூட இதைத் தயங்காமல் சொல்கிறார்கள். உண்மை இதற்கு நேர்மாறு. இன்றைய காரில் ஒவ்வொரு வேலைக்கும் தனி ஃபியூஸ் இருக்கிறது. வைப்பருக்கு ஒன்று, ஹாரனுக்கு ஒன்று, இடது ஹெட்லைட்டுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. ஒரு ஒயரில் கோளாறு வந்தால் அந்த ஒரு கிளையோடு நிற்கும். அம்பாசடரின் மூலமான மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரில் இருந்தவை இரண்டே கண்ணாடி ஃபியூஸ்கள். ஒர்க்‌ஷாப்பில் கட்-அவுட் என்று சொல்லும் லூகாஸ் கம்பெனியின் ரெகுலேட்டர் பெட்டியிலோ அதன் பக்கத்திலோ அவை உட்கார்ந்திருக்கும். ஒன்று ஹாரனுக்கும் உள்விளக்குக்கும். சாவி திருப்பாமலேயே அதில் கரண்ட் இருக்கும். இன்னொன்று சாவி திருப்பினால் வருவது. வைப்பர், பெட்ரோல் முள், பிரேக் லைட், இண்டிகேட்டர் எல்லாம் அதன் தலையில். அம்பாசடரும் அந்த வம்சாவளியில் வந்த வண்டிதான்.

ஹெட்லைட்டுக்கு எந்த ஃபியூஸ்? அந்த முறையில் ஹெட்லைட்டுக்கு ஃபியூஸே கிடையாது. இரவில் ஓடும்போது ஃபியூஸ் போய்க் கண் இருண்டுவிடக் கூடாது என்பதால் அப்படி வைத்தார்கள். லூகாஸ் நிற முறையில் பழுப்பு ஒயர் பேட்டரியிலிருந்து நேராக வருவது. வெள்ளை ஒயர் சாவி வழியாக வருவது. இரண்டுக்கும் ஃபியூஸ் காவல் இல்லை. பச்சையும் ஊதாவும்தான் ஃபியூஸைக் கடந்து வருபவை. இந்த நிறங்களைப் பார்க்காமல், டெஸ்ட் லேம்ப் எரிந்தது என்ற ஒரே ஆதாரத்தோடு பழுப்பு ஒயரைச் சுரண்டி அதில் இன்னொன்றை முறுக்கி டேப் சுற்றுகிறவர் என்ன செய்கிறார்? காவலே இல்லாத ஒயரில் புதிய சுமை ஏற்றுகிறார். அது உரசி ஷார்ட் ஆனால் நிறுத்துவதற்கு வண்டியில் எதுவும் இல்லை.

இரண்டாவது வாதம்தான் மிகவும் ஆபத்தானது. "ஃபியூஸ் அடிக்கடி போகுது, ஒரு சைஸ் பெருசா போட்டுட்டேன், இப்ப பிரச்சினை இல்ல." சிகரெட் அட்டையின் வெள்ளித்தாளைச் சுற்றிப் போட்ட காலமும் உண்டு. இப்போது கடையில் 30 ஆம்பியர் ஃபியூஸ் சுலபமாகக் கிடைப்பதால் வெள்ளித்தாள் போய்விட்டது, புத்தி மாறவில்லை. இதற்குப் பின்னால் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது: ஃபியூஸ் என்பது ஸ்டீரியோவையோ விளக்கையோ காப்பாற்ற வைத்தது, அவை கெட்டால் நம் நஷ்டம், அவ்வளவுதானே என்ற எண்ணம். ஃபியூஸ் காப்பாற்றுவது ஒயரை. ஒயர் எரிந்தால் அதோடு கட்டியிருக்கும் மற்ற ஒயர்கள் எரியும், கார்ப்பெட் எரியும், கார் எரியும். அதனால்தான் ஃபியூஸின் ஆம்பியர் அதற்குப் பின்னால் இருக்கும் ஒயரின் தடிமனைப் பார்த்து முடிவாக வேண்டும்.

கணக்கில் பார்ப்போம். ஒரு ஒயர் தகட்டில் உரசி முழுசாக ஷார்ட் ஆனால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும்; எந்த ஃபியூஸும் நொடியில் போய்விடும். பழைய வண்டியில் அப்படி முழுசாக ஆவது குறைவு. துரு, பெயின்ட், அழுக்கு நடுவில் இருக்க, அரைகுறையாகத் தொடும். அந்தத் தொடுப்பில் அரை ஓம் தடை இருந்தால் 12 வோல்ட்டில் 24 ஆம்பியர் ஓடும். 288 வாட் வெப்பம்; 25 வாட் சோல்டரிங் அயர்ன் பதினொன்றைச் சேர்த்துப் பிடித்த சூடு. அதில் பெரும்பங்கு உரசும் அந்த ஓரிடத்தில் இறங்கும். அங்கே 10 ஆம்பியர் ஃபியூஸ் இருந்தால் சில நொடிகளில் உருகிவிடும். 30 ஆம்பியர் ஃபியூஸுக்கு 24 என்பது ஒன்றுமே இல்லை. நாள் முழுக்க விட்டுக்கொண்டிருக்கும்.

பிளேடு ஃபியூஸின் குணத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். எழுதியிருக்கும் அளவைத் தாண்டிய கணமே போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். பத்து சதவீதம் கூடுதலாக ஓடினால் அது நூறு மணி நேரமாவது தாங்க வேண்டும் என்பதுதான் அதன் வடிவமைப்பு. 35 சதவீதம் கூடினால் போவதற்குச் சில நிமிடங்கள் ஆகலாம். இரு மடங்கானால்தான் சில நொடிகளில் போகும். ஆகவே 30 ஆம்பியர் என்று எழுதிய ஃபியூஸ் 40 ஆம்பியரைச் சில நிமிடங்கள் விட்டுவைக்கலாம். அரை சதுர மில்லிமீட்டர் ஒயரின் தோல் கருக அவ்வளவு நேரம் வேண்டாம்.

கண்ணாடி ஃபியூஸில் இன்னொரு பொறி இருக்கிறது. இதைப் பழைய கார்க்காரர்கள் ஒவ்வொருவரும் மனதில் ஏற்றிக்கொள்ள வேண்டும். லூகாஸ் ஃபியூஸில் 35 ஆம்பியர் என்று அச்சிட்டிருந்தால், 35இல் அது போய்விடும் என்று பொருள். தொடர்ந்து விடுவது அதில் பாதி, சுமார் 17 ஆம்பியர்தான். அமெரிக்க முறைக் கண்ணாடி ஃபியூஸில் 35 என்றிருந்தால் 35ஐத் தொடர்ந்து தாங்கும் என்று பொருள். இரண்டும் ஏறக்குறைய ஒரே நீளம், ஒரே உருண்டை. ஒன்றின் கிளிப்பில் இன்னொன்று உட்காரும். சென்னை புதுப்பேட்டையிலோ ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலோ "35 ஆம்பியர் கண்ணாடி ஃபியூஸ்" என்று கேட்டு வாங்கி, பழைய எண்ணைப் பார்த்துப் புதியதைப் போட்டவர், எண்ணை மாற்றாமலேயே காவலைப் பாதியாகக் குறைத்துவிடுகிறார். மனசாட்சிப்படி சரியாகச் செய்ததாகத்தான் நினைத்துக்கொண்டிருப்பார்.

இனி, "அந்தக் காலத்துத் தாமிரம் சார், கனமான ஒயர்" என்பது. ஒயரின் கனத்தை விடுங்கள், கரண்ட் எங்கிருந்து வருகிறது? டைனமோ வைத்த பழைய லூகாஸ் அமைப்பின் மொத்த உற்பத்தியே 20 ஆம்பியரைச் சுற்றித்தான். மழை இரவொன்றைக் கற்பனை செய்யுங்கள். ஹெட்லைட் இரண்டும் 45 வாட் என்றால் ஏழரை ஆம்பியர். பார்க்கிங் லைட், டெயில் லைட், நம்பர் பிளேட் விளக்கு சேர்ந்து இரண்டரை. இக்னிஷன் காயில் மூன்று, மூன்றரை. வைப்பர் மூன்று. பதினாறு ஆம்பியர் போய்விட்டது. பிரேக் மிதித்தால் 21 வாட் பல்புகள் இரண்டும் சேர்ந்து இன்னொரு மூன்றரை. கணக்கு முடிந்தது. இதன்மேல் 55 வாட் ஃபாக் லைட் ஜோடி ஒன்றை வைத்தால் ஒன்பது ஆம்பியர் கூடும். அதை டைனமோ தராது, பேட்டரிதான் தன் சேமிப்பிலிருந்து தரும். டைனமோவின் அந்த 20 ஆம்பியரும் வண்டி வேகமாக ஓடும்போதுதான். சிக்னலில் நின்றால் டைனமோ கிட்டத்தட்ட ஒன்றுமே தருவதில்லை. டேஷ்போர்டில் சிவப்புச் சார்ஜிங் விளக்கு எரிவது அதனால்தான். ஆல்டர்னேட்டர் மாற்றிய வண்டிகளில் உற்பத்தி கூடுதல், உண்மை. ஆனால் ஆல்டர்னேட்டரை மாற்றியவர்களில் எத்தனை பேர் அதிலிருந்து பேட்டரிக்கும் பெட்டிக்கும் போகும் பழைய ஒயரை மாற்றினார்கள்? வற்றிய ஏரிக்கு ஆற்றைத் திருப்பிவிட்டு வாய்க்காலைத் தூர்வாராமல் விட்டதைப் போலத்தான்.

ஹெட்லைட் மங்கலாக இருக்கிறது என்று 100/90 வாட் பல்பு போடும் வழக்கத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பழைய காரில் நடக்கும் ஒயரிங் நாசங்களில் இதற்குத்தான் முதலிடம். மங்கலுக்குக் காரணம் பெரும்பாலும் பல்பு கிடையாது. ஒரு மல்டிமீட்டரை எடுங்கள். ஹெட்லைட்டை எரியவிட்டு, சிவப்பு முனையைப் பேட்டரி பிளஸ்ஸிலும் கறுப்பு முனையை ஹெட்லைட் கப்ளரின் பிளஸ்ஸிலும் வையுங்கள். அதில் காட்டும் எண் வழியில் தொலைந்த வோல்ட். எனக்குத் தெரிந்த ஓர் அம்பாசடரில் 2 வோல்ட் காட்டியது. டேஷ்போர்டு சுவிட்ச், தரையில் காலால் அழுத்தும் டிப் சுவிட்ச், வழியில் நாலைந்து கப்ளர், எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது அது. பல்பின் வெளிச்சம் வோல்ட்டோடு நேர்விகிதத்தில் குறைவதில்லை, மளமளவென்று குறையும். 13.5 வர வேண்டிய இடத்தில் 11.5 வந்தால் வெளிச்சம் அறுபது சதவீதத்துக்கும் கீழே போய்விடும்.

அந்த ஒயரிலேயே 60 வாட் பல்புக்குப் பதில் 100 வாட் போட்டால் இழுக்கும் கரண்ட் 10 ஆம்பியரிலிருந்து 16க்கு மேல் ஏறும். ஒயரிலும் சுவிட்சிலும் பிறக்கும் சூடு கரண்டின் வர்க்கத்தில் கூடுவதால், கணக்குப்படி இரண்டே முக்கால் மடங்கு ஆகும். வழியில் தொலையும் வோல்ட்டும் கூடும். காசு கொடுத்து வாங்கிய வாட்டில் ஒரு பங்கு சுவிட்சை உருக்குவதற்குப் போகிறது. இதே வண்டியில் பேட்டரியிலிருந்து ஒரு நல்ல ஒயர், ஒரு ஃபியூஸ், சின்னக் கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் ரிலே இரண்டு வைத்து, பழைய ஹெட்லைட் ஒயரை ரிலேயின் காயிலை இழுப்பதற்கு மட்டும் பயன்படுத்தினால் பழைய சுவிட்சில் ஓடுவது 0.2 ஆம்பியருக்கும் குறைவு. தொலையும் வோல்ட் அரைக்கும் கீழே வரும். 60/55 பல்பே முன்பு எரிந்த 100 வாட்டைவிடப் பளிச்சென்று எரியும்.

எல்.இ.டி. வந்த பிறகு இன்னொரு வாதம் கிளம்பியிருக்கிறது. "எல்.இ.டி. கரண்டே எடுக்காது, எங்க வேணும்னாலும் கோர்க்கலாம்." எல்.இ.டி. குறைவாக எடுக்கும் என்பதில் சந்தேகமில்லை. டெயில் லைட்டையும் உள்விளக்கையும் மாற்றினால் டைனமோவுக்கு நிம்மதிதான். ஆனால் குறைவாக எடுக்கும் பொருளோடு வருவது மெல்லிய ஒயர். எல்.இ.டி. பட்டையோடும் மொபைல் சார்ஜரோடும் வரும் ஒயரைத் தோல் உரித்துப் பாருங்கள். நூல் நூலாக ஏழெட்டுத் தாமிர இழைகள் இருக்கும். அதை வைப்பரும் பிரேக் லைட்டும் இருக்கும் பெரிய ஃபியூஸுக்குப் பின்னால் கோர்த்தால், அந்த மெல்லிய ஒயருக்குக் காவல் என்று ஒன்று கிடையாது. சார்ஜருக்குள் ஒரு பாகம் பழுதானால் ஃபியூஸ் அசையாது, ஒயர் சிவக்கும். சின்னச் சாமான் என்பதாலேயே அதற்குச் சின்ன ஃபியூஸ் தனியாக வேண்டும். மோரிஸ் காலத்துப் பாசிட்டிவ் எர்த் வண்டி என்றால் இன்னும் கவனம் தேவை. பாடியே பிளஸ்ஸாக இருக்கும் வண்டியில், உறை மைனஸாக இருக்கும் சாமான் தகட்டைத் தொட்டாலே ஷார்ட்.

"ஃபியூஸ் பாக்ஸையே தொடல, பேட்டரியிலிருந்து டைரக்டா இழுத்துட்டேன்" என்பவர்கள் தங்களை விவரமானவர்கள் என்று நினைக்கிறார்கள். பாதி சரி. பழைய பெட்டியை விட்டுவைத்தது நல்லது. ஆனால் அந்த டைரக்ட் லைனில் ஃபியூஸ் எங்கே? பெரும்பாலும் இருக்காது, இருந்தாலும் ஸ்டீரியோவின் முதுகில் இருக்கும். பேட்டரிக்கும் ஸ்டீரியோவுக்கும் நடுவில் ஃபயர்வாலின் ஓட்டையில் ரப்பர் வளையம் இல்லாமல் தகட்டின் விளிம்பில் உரசிக்கொண்டு வரும் அந்த ஒன்றரை மீட்டருக்குக் காவல் இல்லை. ஃபியூஸ் இருக்க வேண்டிய இடம் பேட்டரி முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள்.

மாருதி போன்ற பிளேடு ஃபியூஸ் வண்டிகளுக்கு, ஒரு ஃபியூஸ் இருக்கும் இடத்தில் இரண்டு சொருகும் இரட்டை ஹோல்டர் ஒன்று விற்கிறார்கள். சின்னச் சுமைக்கு அது மோசமில்லை. ஆனால் திசை மாற்றிச் சொருகினால் புதிய சுமையும் பழைய ஃபியூஸ் வழியாகவே ஓடும். சரியாகவே சொருகினாலும் பெட்டிக்கு வந்து சேரும் மூல ஒயரும் பெட்டிக்குள் இருக்கும் தகட்டுப் பட்டையும் தொழிற்சாலையில் கணக்கிட்ட சுமைக்கானவை. அவற்றை நீங்கள் பெரிதாக்கவில்லை.

பெட்டியின் வயதையும் யாரும் பார்ப்பதில்லை. பத்மினிக்கு மூலமான ஃபியட் 1100இல் 8 ஆம்பியர் செராமிக் ஃபியூஸ்கள், இரண்டு பித்தளைக் கிளிப்புகளுக்கு நடுவே நிற்கும். கிளிப்பு தளர்ந்து, முனையில் பச்சை பூத்தால், அந்தத் தொடுப்பில் 0.1 ஓம் தடை சேர்வது ஒரு பெரிய விஷயமே இல்லை. அதில் 8 ஆம்பியர் ஓடினால் ஆறு வாட்டுக்கு மேல் சூடு, ஒரு பொத்தான் அளவு இடத்தில். ஃபியூஸின் வேலை கரண்டைப் பார்ப்பது. கரண்ட் அளவுக்குள்தான் இருக்கிறது. அதனால் ஃபியூஸ் போகாது, பெட்டி உருகும். எத்தனையோ பழைய பெட்டிகளில் ஒரு ஃபியூஸைச் சுற்றி மட்டும் பழுப்பேறி நெளிந்திருப்பதைப் பார்க்கலாம். கூடுதலாகக் கோர்த்த ஒயர் அங்கேதான் தொங்கும்.

"நாற்பது வருஷமா ஓடுது, ஒண்ணும் ஆகல" என்பார்கள். நாற்பது வருடம் ஓடியது தொழிற்சாலை போட்ட ஒயரிங், தொழிற்சாலை கணக்கிட்ட சுமையோடு. நீங்கள் கோர்த்தது போன வருடம். இரண்டின் வயதையும் ஒன்றாக்கிப் பேச முடியாது. நாற்பது வருடத்தில் அந்த ஒயரின் தோல் எண்ணெயிலும் என்ஜின் சூட்டிலும் விறைத்து, மடக்கினால் வெடிக்கும் நிலைக்கு வந்திருக்கிறது. பழைமை அதற்குப் பலம் சேர்க்கவில்லை.

எதிர்ப்பக்கத்தில் இன்னொரு கூட்டம் இருக்கிறது. அசலைத் தொடாதே, எதையும் சேர்க்காதே என்பவர்கள். இவர்களுடைய அக்கறையை நான் மதிக்கிறேன், முடிவை ஏற்கவில்லை. பழைய காரைக் கண்காட்சிக்கு மட்டும் எடுப்பவருக்கு அது சரி. அதில் குடும்பத்தோடு மதுரைக்கும் ஊட்டிக்கும் போகிறவருக்கு நல்ல ஹெட்லைட் வேண்டும், பின்னால் வருகிறவர் கண்ணில் படும் டெயில் லைட் வேண்டும், வழி பார்க்க மொபைலுக்குச் சார்ஜ் வேண்டும். சேர்க்காதே என்று சொன்னால் அவர் சேர்க்காமல் இருக்கப் போவதில்லை. மறைவாக, மோசமாகச் சேர்ப்பார்.

அசலை வெட்டாமலேயே சேர்க்க வழி இருக்கிறது. இரண்டாவது பெட்டி ஒன்று. ஆறு அல்லது எட்டு பிளேடு ஃபியூஸ் பிடிக்கும் சின்னப் பெட்டி, இரண்டு திருகில் நிற்கும். பேட்டரியிலிருந்து 6 சதுர மில்லிமீட்டர் ஒயர், முனையிலேயே 30 ஆம்பியர் மெயின் ஃபியூஸ், பிறகு ஒரு ரிலே, பிறகு பெட்டி. ரிலேயை இழுக்க மட்டும் அசல் ஃபியூஸ் கடந்து வரும் பச்சை ஒயரிலிருந்து ஒரு சின்னத் தொடுப்பு. சாவியை எடுத்தால் புதிய பெட்டி முழுக்க அணைந்துவிடும், பேட்டரி இறங்காது. கிளைகளுக்கு, முதலில் சாமான் எத்தனை ஆம்பியர் என்று பார்த்து, அதற்கு மேல் தாங்கும் ஒயரை எடுத்து, ஒயர் தாங்குவதற்குக் கீழே ஃபியூஸ் போட வேண்டும். சார்ஜருக்கு 1 சதுர மில்லிமீட்டரும் 5 ஆம்பியரும், ஃபாக் லைட்டுக்கு 2.5 சதுர மில்லிமீட்டரும் 15 ஆம்பியரும் போதும். எர்த் ஒயரும் அதே தடிமனில், பெயின்ட் சுரண்டிய தகட்டில். முறுக்கி டேப் சுற்றும் வேலையே வேண்டாம். நம் ஊர் வெயிலில் டேப்பின் பசை உருகி வழிந்துவிடும். லக் வைத்து கிரிம்ப் செய்ய வேண்டும். நாளைக்கு வண்டியை அசலாக்க நினைத்தால் இரண்டு திருகைக் கழற்றினால் முடிந்தது.

செலவு அதிகம் என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம். பெட்டி, ரிலே, ஒயர், லக் எல்லாம் சேர்த்தாலும் ஒரு நல்ல டயரின் விலைக்கு வராது. கூடுதலாக ஆவது எலக்ட்ரீஷியனின் அரை நாள். அந்த அரை நாளைக் கேட்டு வாங்குங்கள், கூலியைத் தாராளமாகக் கொடுங்கள். ஆனால் புதிய பெட்டியின் மூடிக்குள் எந்த ஃபியூஸ் எதற்கு, எத்தனை ஆம்பியர் என்று தமிழிலேயே எழுதி ஒட்டச் சொல்லி, உங்கள் கண்ணால் பார்த்த பிறகு கொடுங்கள்.